பேகம்பேட் ரோஜாவுக்கு எப்போது வசந்தம்?

மாசி பாதி கழிவதற்குள் பேகம்பேட்டில் வேப்பமரங்கள் இலையைக் கொட்டிவிட்டுச் செம்பு நிறத்தில் தளிர்விடத் தொடங்கிவிடும். புங்கமரங்கள் எண்ணெய் தடவியது போலப் பளபளக்கும். மாமரத்தில் பூ உதிர்ந்து பிஞ்சு தெரியும். உகாதிப் பச்சடிக்கு வேப்பம்பூவைக் காசு கொடுத்து வாங்கும் நிலை இங்கே பல தெருக்களில் இன்னும் வரவில்லை. வசந்தம் வந்துவிட்டதை எல்லா மரம் செடிகளும் ஒப்புக்கொள்ளும் இந்த நேரத்தில் ஒன்று மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்கும். அது ரோஜா.

ரோஜா வளர்ப்பவர்களுக்கு இது வருடாந்திரக் கவலை. அவர்களில் பலர் படித்தது இங்கிலாந்துக்காரர்கள் எழுதிய தோட்டப் புத்தகங்கள். அங்கே ரோஜா பனிக்காலம் முழுதும் உறங்கும். குளிர் தணியும்போது கவாத்து செய்வார்கள். வசந்தத்தில் துளிர்க்கும், ஜூனில் பூக்கும். இந்தக் கணக்கைப் பேகம்பேட்டுக்குக் கொண்டுவந்தால் உதைக்கும். இங்கே விமான நிலைய வளாகத்தில் உள்ள வானிலை மையத்தின் சராசரிப்படி ஜனவரிப் பகலின் உச்ச வெப்பம் சுமார் 29 டிகிரி. மார்ச்சில் அது 35ஐத் தாண்டுகிறது. ஏப்ரலில் 38ஐ எட்டிப் பிடிக்கிறது. இரவில் 15, பகலில் 28 டிகிரி என்று இருந்தால்தான் ரோஜாவுக்குச் சௌகரியம். அந்தச் சௌகரியம் இந்த ஊரில் கிடைப்பது நவம்பர் முதல் பிப்ரவரி வரை. மழை ஓய்ந்த அக்டோபரில் கவாத்து செய்தால் ஏழெட்டு வாரத்தில் முதல் பூ வரும். தக்காணத்து ரோஜாவின் வசந்தம் அதுதான். மார்ச்சில் துளிரை எதிர்பார்ப்பவர் ரயில் போன பிறகு பிளாட்பாரத்துக்கு வந்தவர்.

ஆனால் கவலைக்குக் காரணம் எப்போதும் காலண்டர் மட்டும் அல்ல. விமான நிலையச் சுவரிலிருந்து நடந்து போகும் தூரத்தில், அபார்ட்மென்ட்களுக்கு நடுவே தப்பி நிற்கும் ஒரு தனி வீட்டில் நடந்தது இதற்கு நல்ல உதாரணம். 2008 மார்ச்சில் பயணிகள் விமானங்கள் ஷம்ஷாபாத்துக்குப் போவதற்கு முன்பு, ஒவ்வொரு விமானத்துக்கும் பேச்சை நிறுத்தி மறுபடி தொடங்கிய தெரு அது. வீட்டுக்காரர் கும்பகோணம் பக்கம். வங்கி வேலையில் மாற்றலாகி வந்து, இங்கேயே ஓய்வும் பெற்றவர். ரோஜாக்கள் அவருடையவை அல்ல, மனைவியுடையவை. 14 செடிகள். முப்பது வருடமாக அந்த அம்மாள் காலைக் காபிக்கு முன்பே அவற்றைச் சுற்றி வந்துவிடுவார்.

ஒரு அக்டோபரில் அவருக்கு இரண்டு முழங்காலிலும் அறுவை சிகிச்சை நடந்தது. குனியக்கூடாது, மாடிப்படி இறங்கக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். முதல் மாடி பால்கனியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். கத்தரியும் மண்வெட்டியும் கணவர் கைக்கு வந்தன. ஆஸ்பத்திரி அலைச்சல் எல்லாம் முடிந்து அவர் கவாத்து செய்தபோது டிசம்பர் கடைசி வாரம் ஆகியிருந்தது.

பிப்ரவரியில் 14 செடிகளில் ஐந்துதான் நன்றாக இருந்தன. ஒன்பது ஒரு சாண் தளிர்த்து அப்படியே நின்றுவிட்டன. பார்க்க வந்த உறவுக்காரர் ஒருவர், "கைராசின்னு ஒண்ணு இருக்கே" என்று சொல்லிவிட்டுப் போனார். யாரும் பதில் சொல்லவில்லை. ஆனால் அந்த வார்த்தை வீட்டிலேயே தங்கிவிட்டது. மனைவி இனிமேல் தோட்டத்துக்கு இறங்குவாரா என்பதே நிச்சயமில்லாத நேரம். அவருடைய செடிகள் தன் பொறுப்பில் பட்டுப்போகின்றன என்ற எண்ணம் ஒரு மனிதரைத் தூங்கவிடாது.

தூங்காதவர் உரக்கடைக்குப் போனார். வளராத செடியைப் பார்த்ததும் எல்லாருக்கும் தோன்றும் முதல் யோசனை உரம்தான். டிஏபி, யூரியா, பிறகு கடலைப் புண்ணாக்குக் கரைசல். பதினைந்து நாளைக்கு ஒரு முறை வரும் மாலியும் தன் பங்குக்கு ஒரு பிடி போட்டான். ரசாயன உரம் என்பது ஒரு வகை உப்பு. வேர் சுறுசுறுப்பாக இருந்து, மண்ணில் ஈரமும் இருந்தால் அது உணவு. வேர் சோர்ந்து, மண் காய்ந்திருந்தால் அதே உப்பு வேரிலிருந்தே தண்ணீரை இழுக்கும். ஊறுகாயில் மாங்காய் சுருங்குவதும் இதே விதிப்படிதான். இரண்டு வாரத்தில் இலை ஓரங்கள் தீய்ந்து பழுப்பாயின. உரம் போதவில்லை என்று மாலி நினைத்தான்.

திருப்பம் பால்கனியிலிருந்து வந்தது. "எல்லாச் செடியும் ஒரே மாதிரி நிக்குதா, இல்ல ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரியா?" என்று அந்த அம்மாள் கேட்டார். அவர் பார்க்கவில்லை. ஒன்பதையும் சேர்த்து நோயாளிகள் என்று பெயர் வைத்திருந்தார், அவ்வளவுதான். "ராசியும் கிடையாது ஒண்ணும் கிடையாது. முதல்ல உரத்தை நிறுத்துங்க. ஒரு நோட்டை எடுத்துக்கிட்டுப் போயி ஒவ்வொண்ணையும் பாத்து எழுதிட்டு வாங்க" என்றார். வங்கிக்காரருக்கு நோட்டு என்றால் பழக்கமான விஷயம். அன்று முதல் செடிக்கு ஒரு பக்கம்.

முதலில் தெரிந்தது இடம். நன்றாக இருந்த ஐந்தும் கிழக்குச் சுவர் ஓரம். மோசமான ஒன்பதில் நான்கு தெற்கு வேலி ஓரம். அந்த நான்கும் ஒல்லியாக, கணுவுக்குக் கணு இடைவெளி விட்டு, வெளிச்சத்தைத் தேடிச் சாய்ந்திருந்தன. தெற்குப் பக்கத்து மனையில் முந்தின வருடம்தான் ஐந்து மாடி அபார்ட்மென்ட் எழுந்திருந்தது. மே மாதத்தில் பார்த்தபோது அந்தப் பாத்தியில் நல்ல வெயில் விழுந்ததால் யாரும் சந்தேகப்படவில்லை. இங்கேதான் ஏமாற்றம். ஹைதராபாத்தில் கோடையில் சூரியன் உச்சந்தலைக்கு மேல் போகும். மழைக்காலம் முடிந்ததும் தெற்கே சாயத் தொடங்கும். டிசம்பர் பிற்பாதியில் உச்சிப்பொழுதிலேயே அது 49 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். அப்போது 15 மீட்டர் உயரக் கட்டடத்தின் நிழல் வடக்கே 13 மீட்டர் விழும். அதாவது, வெயில் வேண்டாத கோடையில் வெயில். ரோஜா வளரும் நான்கு மாதமும் நிழல். ரோஜாவுக்கு நாளைக்கு ஆறு மணி நேரமாவது நேரடி வெயில் தேவை. அந்த நான்கு செடிகளும் கேட்டது வெளிச்சம். அவற்றுக்குக் கிடைத்தது டிஏபி. பங்களாக்கள் அடுக்குமாடிகளாக மாறிவரும் பகுதிகளில், முன்பு நன்றாகப் பூத்த பாத்தி ஏன் திடீரென்று படுத்துவிட்டது என்று குழம்புகிறவர்கள் ஜனவரி மதியம் ஒரு முறை நிழலை அளந்து பார்க்கலாம்.

அடுத்தது மஞ்சள். எந்த இலை மஞ்சள் என்பதுதான் கேள்வி. அடியில் உள்ள முதிர்ந்த இலைகள் முழுதாக வெளுத்தால் தழைச்சத்துக் குறைவு. நுனியில் உள்ள இளம் இலைகள் வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாக வலை போலத் தெரிந்தால் இரும்புச்சத்து ஏறவில்லை என்று பொருள். இங்கே இரண்டாவது. மண்ணில் இரும்பு இல்லை என்பதல்ல. தெலங்கானாவின் செம்மண்ணுக்கு அந்த நிறமே இரும்பால் வந்தது. குற்றவாளி போர் தண்ணீர். கருங்கல் பாறை இடுக்குகளிலிருந்து வரும் அந்த நீரில் சுண்ணாம்பும் பைகார்பனேட்டும் அதிகம். வருடக்கணக்கில் ஊற்ற ஊற்ற மண் காரத்தன்மைக்கு மாறும். கார மண்ணில் இரும்பு கரையாது, கரையாததை வேர் குடிக்க முடியாது. வாளியின் உட்புறத்திலும் தொட்டி விளிம்பிலும் படியும் வெள்ளைப் பொருக்குதான் இதற்குச் சாட்சி. அந்த அம்மாள் குழாய்த் தண்ணீரைப் பிடித்து வைத்து ரோஜாவுக்கு ஊற்றுவது வழக்கம். கணவர் போர் குழாயில் ஹோஸ் மாட்டிவிட்டார். காரணம் கேட்காமல் முப்பது வருடம் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பழக்கத்துக்கு அன்றுதான் அவருக்கு அர்த்தம் புரிந்தது.

இதற்கு வைத்தியம் உண்டு. அன்னபேதி என்று நாட்டுமருந்துக் கடையில் கிடைக்கும் இரும்பு சல்பேட்டை லிட்டருக்கு 5 கிராம், கூடவே 1 கிராம் சிட்ரிக் அமிலம் கரைத்து, வெயில் தாழ்ந்த பிறகு இலையில் தெளிக்க வேண்டும். கார மண்ணில் கொட்டினால் அதுவும் கரையாமல் முடங்கிவிடும். மண்ணைத் திருத்த மக்கிய எரு, கொஞ்சம் கந்தகம், மழைநீர். இவை மாதக்கணக்கில் வேலை செய்யும், வாரக்கணக்கில் அல்ல.

மூன்று செடிகளின் கதை வேறு. அவை முந்தின வருடம் தள்ளுவண்டியில் வாங்கியவை. ஹைதராபாத் தெருக்களில் விற்கும் ரோஜாக்களில் பல, ராஜமுந்திரிக்குப் பக்கத்தில் உள்ள கடியம் நர்சரிகளிலிருந்து வருகின்றன. வேரைச் சுற்றிக் களிமண் உருண்டை பிடித்துத்தான் அனுப்புவார்கள். கோதாவரிக் கரையில் ஈரமாக இருக்கும்வரை அந்த உருண்டை செடிக்குத் தாய்மடி. லாரியில் ஏறி, வண்டியில் காய்ந்து வந்தால் செங்கல். அதை அப்படியே குழியில் வைத்துத் தண்ணீர் ஊற்றினால் நீர் சுற்றியுள்ள மண்ணில் இறங்கிவிடும், உருண்டைக்குள் போகாது. மூன்றில் ஒன்று கையோடு வந்துவிட்டது. நட்டு ஒரு வருடம் ஆகியும் வேர் உருண்டையை விட்டு வெளியே எட்டிப் பார்க்கவில்லை. நடுவதற்கு முன் உருண்டையை ஒரு வாளித் தண்ணீரில் ஊறவைத்து, வெளி மண்ணை மெதுவாகக் கரைத்துவிட்டிருந்தால் தீர்ந்திருக்கும் விஷயம். வெயில் ஏறும் நேரத்தில் வேரைக் கலைப்பது ஆபத்துதான். ஆனாலும் மூன்றையும் ஊறவைத்து, செம்மண்ணும் எருவும் கலந்த தொட்டிகளுக்கு மாற்றி, காலை வெயில் மட்டும் படும் இடத்தில் வைத்தார்.

மிச்சம் இரண்டு. அவற்றில் வெட்டுவாயிலிருந்து கருப்பு இறங்கிக்கொண்டிருந்தது. பூஞ்சாணம் வெட்டுக்காயம் வழியே நுழைந்து, பென்சிலைக் கரியில் தோய்த்தது போலக் கிளையைக் கீழ்நோக்கிக் கருக்கும் நோய் இது. மழுங்கிய கத்தரியில் நசுங்கின வெட்டு அதற்குத் திறந்த கதவு. கருப்பு முடிந்த இடத்துக்குக் கீழே, நடுத்தண்டு வெள்ளையாகத் தெரியும்வரை வெட்டி, வாயில் தாமிர மருந்துப் பசையைத் தடவ வேண்டும். ஒன்றில் கருப்பு ஏற்கெனவே ஒட்டுக் கட்டிய இடம்வரை இறங்கியிருந்தது. அதற்கு இனி எதுவும் செய்வதற்கில்லை.

இவை எல்லாவற்றுக்கும் மேலே தாமதக் கவாத்தின் விளைவும் சேர்ந்தது. அக்டோபரில் வெட்டிய செடியின் தளிர், வெயில் ஏறுவதற்குள் முற்றிவிடும். டிசம்பர் கடைசியில் வெட்டிய செடி பிப்ரவரியிலும் பச்சைக்குழந்தைத் தளிரோடு நின்றது. இலைப்பேனுக்கு அது விருந்து. மிளகாய்ச் செடியைச் சுருட்டும் அதே பூச்சிதான். வெயில் காலம் தொடங்கினால் பெருகும். ரோஜாத் தளிரின் சாற்றை உறிஞ்சி, இலையைப் படகு போல வளைத்து, மொட்டைப் பழுப்பாக்கிவிடும். வெள்ளைக் காகிதத்தின் மேல் தளிரைத் தட்டினால் ஊசிமுனை அளவுக்கு ஓடும். இலையின் அடியில் மெல்லிய நூலாம்படை தெரிந்தால் அது சிவப்புச் சிலந்திப் பேன். பின்னதற்கு முதல் மருந்து, காலையில் இலையடியில் வேகமாகப் பீய்ச்சும் தண்ணீர். முன்னதற்கு லிட்டருக்கு 3 மில்லி வேப்பெண்ணெயும் சிறிது சோப்புக் கரைசலும் கலந்து, வாரம் ஒரு முறை மாலையில் தெளிக்கலாம்.

நோட்டைப் புரட்டிப் பார்த்த அம்மாள் ஐந்தாவது செடியின் பக்கத்தில் நின்றார். நன்றாக இருந்த ஐந்தில் எல்லாவற்றையும்விட ஓங்கி, ஆள் உயரத்துக்கு வளர்ந்திருந்தது அது. தான் போட்ட உரத்துக்கு அதைத்தான் ஆதாரமாகக் காட்டிக்கொண்டிருந்தார் வீட்டுக்காரர். "அது நம்ம செடி இல்லீங்க. இங்கேருந்து பாத்தாலே தெரியுது, இலை வேற. கிளை எங்கேருந்து புறப்படுதுன்னு அடியில பாருங்க" என்றார் மனைவி. பார்த்தார். ஒட்டுக் கட்டிய முடிச்சுக்குக் கீழே, மண்ணுக்குள்ளிருந்து வந்தது. மேலே இருந்த சிவப்பு ரோஜா எப்போதோ பட்டுப்போய், ஒரு காய்ந்த குச்சியாக நின்றது. வேர்ச்செடி தலையெடுத்துவிட்டது.

வழக்கமாக இதை அடியோடு பிய்த்து எறியச் சொல்வார்கள். ஏழு இலைச்சிறகு இருந்தால் காட்டுச்செடி என்பார்கள், அது எப்போதும் சரியல்ல. புறப்படும் இடத்தைப் பார்ப்பதே நிச்சயமான வழி. பிய்க்கலாமா என்று கேட்டபோது, "பூக்கட்டும், பாப்போம்" என்றார் அந்த அம்மாள். மார்ச் நடுவில், மற்ற செடிகள் எல்லாம் வதங்கி நின்றபோது, அது பூத்தது. கொத்துக் கொத்தாக, இளஞ்சிவப்பில், மாடிவரை வாசனை. எட்வர்டு ரோஜா. தமிழ்நாட்டில் பன்னீர் ரோஜா என்று மாலைக்கும் பூஜைக்கும் விற்கும் அதே பூ. தென்னிந்திய நர்சரிகளில் மற்ற ரோஜாக்களை ஒட்டுக் கட்டுவதற்கு இதை வேர்ச்செடியாகவும் வைப்பதுண்டு.

காசு கொடுத்து வாங்கியது செத்து, கேட்காமல் வந்தது பூத்ததில் ஒரு நியாயம் இருக்கிறது. இந்து மகா சமுத்திரத்தில் உள்ள ரீயூனியன் தீவில், சீன ரோஜாவும் டமாஸ்க் ரோஜாவும் கலந்து பிறந்த வம்சம் எட்வர்டு. வெயில் அதற்குப் பிறந்த வீட்டுச் சங்கதி. கடையில் நாம் ஆசைப்படும் பெரிய பூ ரோஜாக்கள், 1867ல் பிரான்சில் உருவான 'லா பிரான்ஸ்' தொடங்கி வந்த ஹைபிரிட் டீ வகைகள். பனியைத் தாங்க வேண்டும் என்று தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவை. பனியே பார்க்காத ஊரில் அந்தத் திறமையால் பிரயோஜனமில்லை.

இதை வெகு நாளாகச் சொல்லிவருபவர்களில் முக்கியமானவர் எம்.எஸ். வீரராகவன். ஆந்திரப் பிரதேசத்தில் ஐஏஎஸ் அதிகாரியாக இருந்தவர். முன்கூட்டியே ஓய்வு பெற்று, மனைவி கிரிஜாவுடன் கொடைக்கானலில் குடியேறி ரோஜா இனக்கலப்பில் இறங்கினார். வெப்ப நாட்டு ரோஜாவை வெப்ப நாட்டுக் காட்டு ரோஜாக்களிலிருந்தே உருவாக்க வேண்டும் என்பது அவர் வாதம். இதற்காக அவர் எடுத்துக்கொண்டவை இரண்டு. ஒன்று, வங்காளம், பீகார் நீர்நிலைகளின் ஓரத்தில் வளரும் ரோசா கிளைனோபில்லா. மற்றது, 1882ல் ஜார்ஜ் வாட் மணிப்பூரின் சிரோய் மலையில் கண்ட ரோசா ஜைகான்டியா. கோதுமை விஞ்ஞானி பி.பி. பால் இந்திய ரோஜாக்களை உருவாக்கியும், 1966ல் ஒரு பெரிய நூல் எழுதியும் போட்ட பாதையில் இது அடுத்த கட்டம். வீரராகவன் உருவாக்கிய ஒரு ரோஜாவுக்கு 'கோல்டன் த்ரெஷோல்டு' என்று பெயர். ஹைதராபாத்தில் சரோஜினி நாயுடு வாழ்ந்த வீட்டின் பெயரும், 1905ல் வந்த அவருடைய முதல் கவிதைத் தொகுப்பின் பெயரும் அதுதான். தம்பதி சேர்ந்து எழுதிய புத்தகம் 2023ல் வெளிவந்தது. உலகம் சூடாகிக்கொண்டே போகும்போது, நேற்று பேகம்பேட்டுக்கு மட்டும் இருந்த கஷ்டம் நாளை பாரிசுக்கும் வரும் என்பதால் அவர்களுடைய வேலைக்கு இப்போது வெளிநாட்டிலும் மதிப்பு.

அந்த வீட்டின் கணக்கு கடைசியில் இப்படி முடிந்தது. ஒன்பதில் இரண்டு பட்டுப்போயின. ஒன்று கருகல், ஒன்று களிமண் உருண்டை. நிழலில் இருந்த நான்கும் மழைக்குப் பிறகு மொட்டை மாடித் தொட்டிகளுக்கு இடம் மாறின. மிச்சம் மூன்று ஜூலையில் தாமாகத் துளிர்த்தன. காலியான குழிகளுக்கு எட்வர்டிலிருந்து பென்சில் தடிமனில் குச்சி வெட்டிப் பதியம் போட்டார்கள். ஒட்டே இல்லாமல் சொந்த வேரில் வளரும் செடிக்கு, அடியிலிருந்து வரும் கிளையைப் பற்றிய பயம் இல்லை. கைராசி பற்றிப் பேசிய உறவுக்காரருக்கும் ஒரு குச்சி போனது. கைராசிக்காரர் என்று ஊர் சொல்லும் ஆட்களைக் கவனித்தால் ஒன்று தெரியும். உரம் வாங்கப் போகும் நேரத்தில் அவர்கள் செடியின் முன்னால் நின்றுகொண்டிருப்பார்கள்.

எனவே மார்ச்சில் ரோஜா முறைத்தால் பதற வேண்டாம். கத்தரியைத் தொட வேண்டாம், உரமூட்டையையும் தொட வேண்டாம். வேரைச் சுற்றி இரண்டு அங்குலத்துக்குக் காய்ந்த சருகோ தேங்காய் நார்க்கழிவோ மூடாக்குப் போட்டு, அது தண்டைத் தொடாமல் பார்த்துக்கொண்டு, அதிகாலையில் ஆழமாகத் தண்ணீர் விட்டால் போதும். மதிய வெயிலுக்கு ஒரு பழைய வேட்டியைப் பந்தலாகக் கட்டலாம். வரும் ஒன்றிரண்டு மொட்டுகளையும் கிள்ளிவிட்டால் செடிக்குத் தெம்பு மிஞ்சும். ஜூனில் மழை பிடித்ததும் எருவும் வேப்பம் புண்ணாக்கும் கொடுக்கலாம். அக்டோபர் முதல் இரண்டு வாரத்துக்குள் கத்தரியைச் சாணை பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும். அதற்கு முன்னால், சூரியன் தெற்கே சாயத் தொடங்கியதும், நிழல் எங்கே விழுகிறது என்று ஒரு நாள் முழுக்கப் பார்த்துக் குறித்து வைப்பது நல்லது.